நெல்லைக் கரையும் ராடார் உயரமானியும்

கூடங்குளம், இடிந்தகரை, உவரி எனச் சுமார் 50 கி.மீ. மட்டுமே நீளும் திருநெல்வேலிக் கடற்கரைக்குச் செயற்கைக்கோள் அளக்கும் அலை உயரத்தால் என்ன பயன்? கரையை ஒட்டி எடுத்த அளவைவிட, 5,000 கி.மீ. தெற்கே எடுத்த அளவே இக்கரைக்கு உதவும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

செயற்கைக்கோளில் உள்ள ராடார் உயரமானி நேர்கீழே நுண்ணலைத் துடிப்பை அனுப்பி எதிரொலியை வாங்குகிறது. கடல் தட்டையாக இருந்தால் எதிரொலி சட்டென உச்சம் தொடும். அலையடித்தால் முகடுகள் முதலிலும் அகடுகள் பின்னரும் பதிலளிப்பதால் அதன் ஏறுமுகம் சாய்ந்துவிடும். ஒரு நானோ வினாடித் தாமதம் 15 செ.மீ. உயர வேறுபாட்டைக் காட்டும். அந்தச் சாய்விலிருந்தே 'குறிப்பிடத்தக்க அலை உயரம்', அதாவது அலைகளில் மிக உயர்ந்த மூன்றிலொரு பங்கின் சராசரி, கணக்கிடப்படுகிறது. 1978இன் சீசாட், 1992இன் டோபெக்ஸ்/பொசைடன் செயற்கைக்கோள்களின் வழியில், 2013 பிப்ரவரி 25 அன்று இந்திய-பிரெஞ்சுக் கூட்டுத் திட்டமான சரல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அதன் ஆல்டிகா கருவி 35.75 கிகா ஹெர்ட்ஸில் இயங்கியதால், முந்தைய கருவிகளைவிடக் கரையை நெருங்கி அளக்க முடிந்தது. மழைதான் அதற்கு எதிரி.

கரையை ஒட்டி அளப்பதிலுள்ள சிக்கலுக்குக் களக்காட்டு மலைகளே நல்ல சான்று. ஆயிரம் மீட்டருக்கும் மேல் எழும் இம்மலைகளிலிருந்து கடல் நாற்பது கி.மீ. அளவே. வடக்கிலிருந்து வரும் செயற்கைக்கோள் அதை ஆறேழு வினாடியில் கடந்துவிடும். கருவி எதிரொலிக்காகத் திறந்து வைத்திருக்கும் உயரச் சாளரமோ சில பத்து மீட்டர்தான். மலையைப் பின்தொடர்ந்த சாளரம் கடல்மட்டத்துக்கு இறங்கிப் பிடிப்பதற்குள் கரையோரக் கடல் பின்னால் போய்விடலாம். நிலப்பரப்பின் உயர வரைபடத்தைக் கருவியிலேயே ஏற்றி வைப்பது இதற்கான தீர்வு. ஆனாலும் கரையை ஒட்டிய சில கி.மீ. தொலைவில் நிலத்தின் எதிரொலியும் கலந்தே வரும்.

இதெல்லாம் சரியாகிவிட்டது என்றே கொள்வோம். அப்போதும் பெரிய குறை ஒன்று மிஞ்சும்: இக்கருவி உயரத்தைச் சொல்லும், அலைவு நேரத்தைச் சொல்லாது. ஆழ்கடலில் 5 வினாடி அலையின் நீளம் 39 மீ.; 18 வினாடி அலையின் நீளம் 505 மீ. இரண்டும் ஒரு மீட்டர் உயரமே என்றால் உயரமானிக்கு இரண்டும் ஒன்றே. கரைக்கு அப்படியல்ல. நெடிய அலை சுமந்து வரும் ஆற்றலும், மணலில் அது ஏறும் உயரமும் மூன்றரை மடங்குக்கும் மேல். ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று கடலைக் கலக்கும்போது நிலைமை இன்னும் மோசம். 2 மீ. காற்றலையோடு 1 மீ. நெடிய அலை சேர்ந்தால் வர்க்கங்களின் கூட்டுப்படி மொத்தம் 2.24 மீ. மட்டுமே. அந்த 24 செ.மீ. கருவியின் பிழை வரம்புக்குள்ளேயே மறைந்துவிடும்.

கள்ளக்கடல் இத்தகைய நெடிய அலைதான். காற்றில்லாத சித்திரை, வைகாசியிலும் வரும். உள்ளூர் வானம் எந்த அறிகுறியும் காட்டாது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தனர். ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் முன்பே எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கை சாத்தியமானதற்குக் காரணம், அலை பிறந்த இடம் தென்கோடிப் பெருங்கடல் என்பது. 18 வினாடி அலைக்கூட்டம் மணிக்குச் சுமார் 50 கி.மீ. வேகத்தில் நகரும், தெற்கு அட்சரேகை 40 பாகையிலிருந்து நம் கரைக்கு வர நாலரை நாளாகும்.

உயரமானிக்கு ஏற்ற களம் அந்தப் புயல்வெளிதான். அங்கே நிலம் அரிது, எழும் அலையில் பெரும்பகுதி அந்தப் புயலின் காற்றலையே. ஆகவே கணினி மாதிரியின் உயரத்தை அளவோடு ஒட்டித் திருத்தும்போது, பிறகு நம்மிடம் வரப்போகும் அலையே திருத்தப்படுகிறது. கரையருகே இதே திருத்தம், எந்த அலையைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று தெரியாமல் மொத்தத்தை மட்டும் மாற்றும். ஜேசன் வகை உயரமானிச் செயற்கைக்கோள்களின் தடங்கள் நிலநடுக்கோட்டில் 315 கி.மீ. இடைவெளியில் செல்வதால், இடையில் புயல் நழுவாதிருக்கப் பல செயற்கைக்கோள்களை இணைத்தே பார்க்க வேண்டும்.

2018 அக்டோபர் 29இல் ஏவப்பட்ட சீன-பிரெஞ்சு செயற்கைக்கோளான சிஎஃப்ஓசாட் அலையின் திசையையும் நீளத்தையும் அளக்கிறதே என்று கேட்கலாம். அதன் வரம்பு 70 முதல் 500 மீ. வரை, நம் 18 வினாடி அலை அதன் விளிம்பில் நிற்கிறது. எனவே கரையில் அலைவு நேரத்தை அளக்க மிதவைகள் வேண்டும். மீனவர்களுக்குப் போகும் அறிவிப்பிலும், செய்திகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் அந்த எண்ணை உயரத்துக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.