துறைமுகத்துக்குப் பணம் தந்தவர் யார்?



1885 ஜூன் 1 அன்று மலாயாவின் முதல் இரயில் பாதை நம் பேராக்கில் திறக்கப்பட்டது. தைப்பிங் ஈயத்தைப் போர்ட் வெல்ட் துறைமுகத்துக்குக் கொண்டுசென்ற அப்பாதைக்கு, ஈய வரியால் நிரம்பிய பேராக் அரசின் கருவூலமே செலவு செய்தது. இலங்கையிலிருந்து வந்த தொழிலாளர் படையினர் அதனை அமைத்தனர். இன்று அவ்விடம் கோலா செபெத்தாங் எனும் மீனவர் ஊர், தண்டவாளம் இல்லை.

இக்காலத்தில் துறைமுகத்தை நாடுவது காற்று. கடற்காற்றாலையின் இறக்கைகள் சாலைவழி கொண்டுசெல்ல அரியன. ஆகவே, குஜராத், தமிழ்நாட்டுக் கடற்காற்றாலைகளுக்கென 2024இல் இந்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 7,453 கோடி ரூபாயில், 600 கோடி இரு துறைமுகங்களை மேம்படுத்த ஒதுக்கப்பட்டது.

ஈயம் தோண்டத் தீரும், காற்று தீராது. ஆயினும் இரண்டிலும் முன்னின்றது பொதுப்பணமே. செலவிட்டவர், உழைத்தவர், பயன்பெற்றவர் யாவர் என நம் மாணவர்களை வினவச் செய்வோம்.