ஒரே அடுப்பில் வெந்த கற்கள்

ராஜபாளையத்தில் சஞ்சீவி மலை என்று ஒரு குன்று உண்டு. அநுமார் மூலிகை மலையைத் தூக்கிக்கொண்டு ஆகாய மார்க்கமாகப் போகையில் சிந்திய துண்டு அது என்பது ஊர்க் கதை. இலங்கையில் காலி நகரத்துக்கு அருகேயுள்ள ருமஸ்ஸல என்ற குன்றைப் பற்றியும் இதே கதைதான். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் வீதியில் என்னோடு நடந்து வந்த நண்பர், பால்கோவாப் பொட்டலத்தைக் கை மாற்றிக்கொண்டே, "இரண்டும் ஒரே கல்தான் என்று உங்கள் விஞ்ஞானம் ஒப்புக்கொள்ளுமா, ஸார்?" என்று கேட்டார். கேலிதான். ஆனால் பூகர்ப்ப சாஸ்திரிகள் நூறு வருஷத்துக்கு மேலாக மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி அது. வெகு தூரத்திலுள்ள இரண்டு மலைகளுக்கு உறவு உண்டு என்று எதைக் கொண்டு நிச்சயிப்பது?

முதலில் முகச்சாயலைக் கொண்டுதான் நிச்சயித்தார்கள். கல்கத்தாவை ஸ்தாபித்தவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னக்கின் சமாதிக் கல், சென்னைப் பக்கத்துப் பல்லாவரம், பரங்கிமலைக் கல். 1893-இல் தாமஸ் ஹாலந்து என்ற இந்தியப் பூகர்ப்ப இலாகா அதிகாரி அதற்குச் 'சார்னகைட்' என்று பெயர் வைத்தார். செத்துப் போன மனிதர் தமிழ்நாட்டுக் கல்லுக்குப் பெயர் கொடுத்த விநோதம் இது! எண்ணெய் தடவினாற்போன்ற பசுங்கறுப்பு நிறம். உள்ளே ஹைபர்ஸ்தீன் என்ற தாதுப் பொருள். இதே சாயல் சேர்வராயன், நீலகிரி, பழனி மலைகளிலும் தெரிந்தது. 1900-இல் ஹாலந்து எழுதிய பெரிய நூலில் எல்லாம் ஒரே குடும்பமாகிவிட்டன.

சாயலை நம்பிக் கல்யாணம் பேசினால் என்ன ஆகும்? ஜாதகம் பார்க்கும் காலம் வந்தது. கல்லுக்குள் சிர்கான் என்ற மணல்துகள் போன்ற படிகம் இருக்கிறது. அது வளரும்போது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும். ஈயத்தை ஏறக்குறைய ஒதுக்கிவிடும். யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறும்; பாதி மாறுவதற்கு 447 கோடி ஆண்டு. ஆகவே எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் வயது தெரியும். கல் மறுபடி வெந்தால் பழைய படிகத்தின் மேல் புதிய தோல் வளரும். அதற்கும் தனி வயது கிடைக்கும். இப்படிப் பார்த்தபோது பல்லாவரமும் நீலகிரியும் வெந்தது சுமார் 250 கோடி ஆண்டுக்கு முன்பு என்று தெரிந்தது. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, நம் ஸ்ரீவில்லிபுத்தூர் மேற்கு மலை உள்ளிட்ட பகுதி வெந்ததோ சுமார் 55 கோடி ஆண்டுக்கு முன்பு. ஒரே முகம், நடுவே ஏறத்தாழ இருநூறு கோடி வருஷம்!

இனி ராஜபாளையம். அங்கே கிடைத்த ஒரு வகைக் கல்லில் ஸாபிரின் என்ற நீலத் தாது, வெங்கச்சங்கல்லை நேரடியாகத் தொட்டுக்கொண்டு நிற்கிறது என்று 2004-இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியாயிற்று. தென்னிந்தியாவில் இப்படிக் கண்டது அதுவே முதல் தடவை. பார்க்கச் சாதுவான ஜோடி. ஆனால் ஏறக்குறைய 1000 டிகிரிச் சூட்டில் வெந்தால்தான் இவை கூடி நிற்கும். செங்கல் சூளைகூட அவ்வளவு சூட்டைப் பிரயாசைப்பட்டே எட்டும். பூமியோ அதை ஒரு மலைக்கே கொடுத்திருக்கிறது.

இதே ஜோடியை அண்டார்டிகாவின் எண்டர்பி நிலத்தில் 1968-லேயே கண்டிருந்தார்கள். உடனே 'பங்காளி' என்று கூவத் தோன்றும். கூவக்கூடாது. அந்தக் கல் வெந்தது சுமார் 250 கோடி ஆண்டுக்கு முன்பு. இலங்கையின் மத்திய மலைநாட்டிலும் இதே ஜோடி இருக்கிறது. அங்கே வயதும் ராஜபாளையத்தோடு ஒத்துப்போகிறது. கோண்டுவானாப் பெருநிலத்தின் பகுதிகள் மோதி ஒட்டிக்கொண்ட காலம் அது.

எனக்கு இதில் பிடித்தது சாஸ்திரிகளின் தயக்கம். செங்கோட்டைக்கு அருகே செல்லும் அச்சன்கோவில் முறிவுக் கோட்டை மடகாஸ்கரின் ரனோட்ஸாராக் கோட்டோடு தேசப்படத்தில் முடிச்சுப் போட்டார்கள். வெகு பொருத்தமாக இருந்தது. பிற்பாடு மடகாஸ்கர்க் கோட்டையே நேரில் போய் ஆராய்ந்தவர்கள், அது அவ்வளவு நீளமான ஒற்றை முறிவு அல்ல என்று ஆட்சேபித்தார்கள். முடிச்சு தளர்ந்துவிட்டது.

இவ்வளவையும் நண்பரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இலங்கையும் ராஜபாளையமும் ஒரே அடுப்புத்தானே? அதைத்தானே ஸார், எங்கள் பாட்டியும் சொன்னாள்?" என்றார்.

"மலைநாட்டுக் கல்லைப் பற்றித்தான் சொன்னேன். ருமஸ்ஸலவிலிருந்து ஒரு கல் கொண்டு வாருங்கள், சிர்கானை அளந்து பார்க்கச் சொல்லலாம்" என்றேன்.

நண்பர் பொட்டலத்தைப் பிரித்து என்னிடம் நீட்டினார்.