தனித்த மதிப்பீட்டாளர்: ஒரு சொல்லின் வரலாறு



சாலை விபத்திற்குப் பின் நம் கைக்கு வந்து சேரும் இழப்பீட்டைப் பெரும்பாலும் ஓர் அறிக்கையே முடிவு செய்கிறது. நசுங்கிய மகிழுந்தைச் சுற்றிப் பார்த்து, எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும், எதனைத் தட்டி நிமிர்த்தினால் போதும், எத்தனை மணி நேர வேலை, என்ன விலை என்று ஒருவர் எழுதித் தருகிறார். அவரை இழப்பு மதிப்பீட்டாளர் என்கிறோம். அவர் காப்புறுதி நிறுவனத்தின் ஆளா, பட்டறையின் ஆளா, நம் ஆளா, அல்லது எவருக்கும் ஆள் அல்லாதவரா? பெற்றோர் பலர் இதனைக் கேட்பதேயில்லை. அமெரிக்காவிலோ இக்கேள்வி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சட்டமன்றங்களிலும் நீதிமன்றங்களிலும் அலசப்பட்டு வந்துள்ளது. அந்த வரலாற்றை அறிந்தால் நம் நாட்டு நடைமுறையையும் தெளிவாகப் புரிந்துகொள்ளலாம் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தொடக்கம் மகிழுந்தில் இல்லை, தீயில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கத் தீக்காப்புறுதி நிறுவனங்கள் தத்தம் விருப்பம்போல் ஒப்பந்தங்களை எழுதிவந்தன. வீடு எரிந்தபின் ஒப்பந்தத்தை எடுத்துப் படிப்பவருக்கு, தாம் கையொப்பமிட்டது என்னவென்று அப்பொழுதுதான் தெரியவரும். இதனைச் சீர்செய்ய நியூயார்க் மாநிலச் சட்டமன்றம் 1886ஆம் ஆண்டில் ஒரு பொதுப்படிவத்துக்கு வழிவகுத்தது. அப்படிவத்தில் ஒரு மதிப்பீட்டு விதி இருந்தது. இழப்பின் அளவில் இரு தரப்பும் உடன்படாவிட்டால், காப்புறுதி செய்தவர் ஒருவரையும் நிறுவனம் ஒருவரையும் மதிப்பீட்டாளராகத் தெரிவு செய்ய வேண்டும். அவ்விருவரும் வேலையைத் தொடங்கும் முன்பே ஒரு நடுவரைத் தேர்ந்துகொள்ள வேண்டும். மூவரில் எவரேனும் இருவர் கையெழுத்திட்ட தொகையே இறுதியானது. அவரவர் மதிப்பீட்டாளருக்கு அவரவர் கூலி. நடுவரின் கூலி இருவருக்கும் சரிபாதி.

இதன் அமைப்பு என்னை வியக்க வைக்கிறது. மதிப்பீட்டாளரும் நடுவரும் நலன் சாராதவராய் இருத்தல் வேண்டும் என்று விதி வெளிப்படையாகக் கூறியது. ஆயினும், அச்சொல்லை மட்டும் நம்பி அமைந்துவிடவில்லை. மனிதன் தனக்குக் கூலி கொடுப்பவர் பக்கம் சற்றே சாய்வான் என்பதை முன்கூட்டியே கணக்கில் எடுத்து, எதிர்ப்பக்கத்திலும் அதே அளவு எடையை வைத்தது. நடுவர் தேர்வில் இழுபறி ஏற்படுவதை அனுபவத்தில் கண்டபின், 1943ஆம் ஆண்டுப் படிவம் நாள் கணக்கையும் சேர்த்தது. கோரிக்கை எழுந்த 20 நாளுக்குள் இரு தரப்பும் தத்தம் மதிப்பீட்டாளரை அறிவிக்க வேண்டும். 15 நாளாகியும் நடுவர் அமையாவிட்டால், கேட்பவரின் வேண்டுகோளின்படி நீதிபதியே ஒருவரை நியமிப்பார்.

மகிழுந்துக் காப்புறுதி வளர்ந்தபோது இந்த விதியையும் தன்னுள் எடுத்துக்கொண்டது. ஆனால் தீக்கும் விபத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வீடு எரிவது அரிது, இழப்பும் பெரிது. மகிழுந்து மோதல்களோ நாள்தோறும் நிகழ்பவை, ஒவ்வொன்றின் இழப்பும் சிறியது. சில நூறு டாலர் வேறுபாட்டுக்காக இரு மதிப்பீட்டாளரையும் ஒரு நடுவரையும் அமர்த்தினால் கூலியே அவ்வேறுபாட்டை விழுங்கிவிடும். எனவே, விதி தாளில் இருந்தது. நடைமுறையில் நிறுவனம் அனுப்பியவர் எழுதியதே தொகையாயிற்று.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்கச் சாலைகளில் மகிழுந்துகள் பெருகின. பழுதுபார்ப்புச் செலவும் ஏறியது. அக்காலத்தில் காப்புறுதி நிறுவனங்களின் சங்கங்கள் ஒரு திட்டத்தை நடைமுறைப்படுத்தின. அதன் பெயர் ‘தனித்த மதிப்பீட்டுத் திட்டம்’. பெயரைக் கவனியுங்கள்! ஒரு நகரிலுள்ள நிறுவனங்களின் குழு சில மதிப்பீட்டாளர்களை ஆதரித்து, பரிந்துரைத்து, கண்காணிக்கும். அவர் எந்த நிறுவனத்திலும் மாதச் சம்பளம் வாங்குபவர் அல்லர். அந்த அளவில் ‘தனித்தவர்’. ஆனால் அவருக்கு வேலை வருவதும் நிற்பதும் அக்குழுவின் கையில்.

1963ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அமெரிக்க நீதித்துறை மூன்று காப்புறுதிச் சங்கங்களின்மீது நியூயார்க் கூட்டரசு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அப்பொழுது அத்துறையின் தலைவராக இருந்தவர் ராபர்ட் கென்னடி. வணிகப் போட்டியைக் காக்கும் 1890ஆம் ஆண்டு ஷெர்மன் சட்டத்தை இத்திட்டம் மீறியது என்பது அரசின் வாதம். அரசு கூறிய குற்றச்சாட்டைப் பட்டறைக்குச் சென்று வந்த எவரும் எளிதில் புரிந்துகொள்வர். மாற்ற வேண்டிய பாகத்தைத் தட்டிச் சரிசெய்யச் சொல்வது, புதிய பாகத்துக்குப் பதில் பழைய பாகத்தைப் பொருத்தச் செய்வது, வேலை நேரத்தை இறுக்கிக் கணக்கிடுவது, மணிக்கூலியை இயன்ற மட்டும் குறைப்பது. இவ்வழிகளில் செலவை அடக்கினர் என்றது அரசு. மதிப்பீட்டாளர் எழுதிய தொகைக்கு இசைந்த பட்டறைக்கு வேலையைத் திருப்பிவிட்டனர், மறுத்த பட்டறையைப் புறக்கணித்தனர் என்றும் கூறியது.

‘புறக்கணிப்பு’ என்னும் சொல்லுக்கு ஒரு பின்னணி உண்டு. காப்புறுதித் தொழிலும் ஷெர்மன் சட்டத்துக்கு உட்பட்டதே என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1944ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றி, அத்தொழிலை மேற்பார்க்கும் பொறுப்பைப் பெரும்பாலும் மாநிலங்களிடமே விட்டது. ஆயினும் புறக்கணிப்பு, கட்டாயப்படுத்தல், அச்சுறுத்தல் ஆகிய மூன்றுக்கும் அச்சட்டம் அடைக்கலம் தரவில்லை.

வழக்கு நீண்டு விசாரிக்கப்படவில்லை. சங்கங்கள் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே ஓர் இசைவுத் தீர்ப்பாணைக்கு உடன்பட்டன. அது பதிவான நாள் 1963 நவம்பர் 27. ஐந்து நாள்களுக்கு முன்புதான் டாலஸ் நகரில் அதிபர் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். நாடே துயரில் ஆழ்ந்திருந்த அவ்வாரத்தில், பட்டறைகளைப் பற்றிய ஓர் ஆணையைப் பொதுமக்கள் எத்தனை பேர் கவனித்திருக்கப் போகிறார்கள்!

சேத மதிப்பீட்டாளர் எவரையும் ஆதரிக்கவோ பரிந்துரைக்கவோ கூடாது. இன்ன மதிப்பீட்டாளரிடமோ பட்டறையிடமோ போ என்றும் போகாதே என்றும் சொல்லக்கூடாது. மதிப்பீட்டாளரின் செயலைக் கட்டுப்படுத்தக்கூடாது. அவர்களுக்கு வட்டாரம் பிரித்துக் கொடுக்கக்கூடாது. மதிப்பீட்டுக்கோ பழுதுபார்ப்புக்கோ விலை நிர்ணயிக்கக்கூடாது. இவ்வளவையும் ஆணை தடுத்தது. ‘தனித்த’ என்பதற்கு அகராதிப்பொருள் தேடாமல், எவையெவை இருந்தால் ஒருவர் தனித்தவர் அல்லர் என்பதை அது வரையறுத்துவிட்டது. ஆசிரியர்களுக்கு இது எளிதில் விளங்கும். யுபிஎஸ்ஆர் இருந்த காலத்தில் நம் மாணவரின் விடைத்தாளை நாமே திருத்தியதில்லை. நம் நேர்மையில் ஐயம் கொண்டா அவ்வாறு செய்தார்கள்?

ஆணைக்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆணையில் பெயர் குறிக்கப்பட்டவை சங்கங்கள். தனித்தனி நிறுவனங்களை அது எந்த அளவு கட்டுப்படுத்தும் என்பதில் பட்டறை உரிமையாளர்களும் நிறுவனங்களும் நெடுங்காலம் முரண்பட்டனர். இதற்கிடையே, நிறுவனங்கள் தத்தமக்கென ஒப்பந்தப் பட்டறைகளை வரிசைப்படுத்தும் வழக்கம் பரவியது. மாசசூசெட்ஸ் மாநிலம் வேறொரு வழியைக் கண்டது. அங்கு வாகனச் சேத மதிப்பீட்டாளர் உரிமம் பெற்றாக வேண்டும். உரிமம் வழங்கும் வாரியத்தில் ஐவர்: பட்டறைத் தொழிலிலிருந்து இருவர், காப்புறுதித் துறையிலிருந்து இருவர், இரண்டிலும் சேராதவர் ஒருவர். 1886ஆம் ஆண்டின் இருவரும் ஒரு நடுவரும் நினைவுக்கு வருகின்றனர் அல்லவா?

அடுத்த பெரும் கேள்வி ஜார்ஜியா மாநிலத்தில் எழுந்தது. முழுமையாகப் பழுதுபார்த்த மகிழுந்தும், விபத்தில் சிக்கியது என்பதனாலேயே சந்தையில் விலை குறைகிறது. அந்தக் குறைவும் இழப்புதானே? தன்னிடம் காப்புறுதி செய்தவருக்கு அதனையும் மதிப்பிட்டு ஈடுசெய்ய வேண்டியது நிறுவனத்தின் கடமை என்று 2001ஆம் ஆண்டில் அம்மாநில உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கிலிருந்து ‘17சி’ என்னும் ஒரு கணக்கீட்டு வாய்பாடும் பிறந்தது. மகிழுந்து விலையில் 10 விழுக்காட்டை உச்சவரம்பாகக் கொண்டு, சேதத்தின் அளவையும் ஓடிய தூரத்தையும் பொறுத்து அத்தொகையை மேலும் குறைப்பது அம்முறை. அந்த 10 விழுக்காட்டுக்கு அடிப்படை என்ன என்று தனித்த மதிப்பீட்டாளர்கள் விடாமல் கேட்டு வந்துள்ளனர். நியாயமான கேள்வி என்பேன்.

இனி நம் மலேசியாவுக்கு வருவோம். இங்கு இழப்பு மதிப்பீட்டு நிறுவனங்கள் பேங்க் நெகாராவிடம் பதிவு பெற்றே இயங்க முடியும். 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டம் அதனை வகுத்துள்ளது. நம் சொந்தக் காப்புறுதியில் கோரினால் மதிப்பீட்டாளரை அமர்த்துவது நிறுவனம். தவறு எதிர்த்தரப்பினருடையது என்று அவருடைய காப்புறுதியில் கோரும்போது, பதிவு பெற்ற ஒருவரை நாமே அமர்த்தி, அவர் கட்டணத்தையும் கோரிக்கையில் சேர்க்கலாம். வாகனமின்றித் தவித்த நாள்களுக்கு எதிர்த்தரப்பிடம் கோரும் தொகையும் மதிப்பீட்டாளரின் அறிக்கையையே பற்றி நிற்கிறது. மகிழுந்து பட்டறையில் கிடந்த நாள்களை அப்படியே எண்ணமாட்டார்கள். பழுதுபார்க்க இத்தனை நாள் தேவை என்று அவர் எழுதியதே அடிப்படைக் கணக்கு. ஒரு மாதம் பேருந்தில் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துவந்த தாய்க்கு ஒரு வாரத் தொகை மட்டுமே கிடைப்பது இதனால்தான்.

‘மாற்றுக’ என்பதற்கும் ‘சரிசெய்க’ என்பதற்கும் இடையிலான வேறுபாடும் நம் பணப்பையைத் தொடுகிறது. ஐந்தாண்டு நிறைந்த வண்டிக்குப் புதிய அசல் பாகம் பொருத்தினால் அதன் விலையில் 15 விழுக்காடு வரை உரிமையாளர் ஏற்க வேண்டியிருக்கும். பத்தாண்டைத் தாண்டினால் 40 விழுக்காடு வரை. பழைய மகிழுந்து வைத்திருப்போர் அறிக்கையின் படியைக் கேட்டு வாங்கி, வரி வரியாகப் படித்தபின் பட்டறைக்கு இசைவு தருவது நல்லது.

சிங்கப்பூரில் ஒழுங்கு சற்று இறுக்கமானது. காயமில்லாத விபத்தில் எதிர்த்தரப்பின்மீது வழக்குத் தொடுக்க எண்ணுபவர், பழுதுபார்க்கும் முன்பே அவருடைய காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவித்து, வாகனத்தை வந்து பார்வையிட இரண்டு வேலை நாள் தர வேண்டும் என்று அங்குள்ள நீதிமன்ற நடைமுறை கூறுகிறது. அவசரப்பட்டுப் பழுதுபார்த்துவிட்டால், பின்னர் செலவுத் தொகையை நீதிமன்றம் தீர்மானிக்கும்போது அது நமக்கு எதிராக எண்ணப்படலாம். ஜொகூர் பாலத்தைக் கடந்து நாள்தோறும் வேலைக்குச் செல்லும் பெற்றோர் இந்த இரண்டு நாள் கணக்கைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.