யாரையும் கேட்காமல் கருத்துக் கணிப்பு: கணினி நிரல் பதில்களை உருவாக்குவது எப்படி?

வயது, பாலினம், கல்வி, வசிப்பிடம், வருமானம் ஆகிய விவரங்களைக் கொண்டு, அத்தகைய ஒருவர் கருத்துக் கணிப்பில் என்ன பதில் அளிப்பார் என்பதைக் கணினி நிரல் வழியே உருவாக்கும் முறை, கருத்துக் கணிப்பை உருவகப்படுத்துதல் எனப்படுகிறது. வீடு வீடாகச் செல்லும் களப்பணியாளர் இதில் இல்லை. பதில் சொல்லும் மனிதரும் இல்லை. செயற்கை நுண்ணறிவு பரவிய பின்னரே இது பலரின் கவனத்துக்கு வந்தது என்றாலும், இம்முறைக்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு.

அமெரிக்காவில் 1959-ல் தொடங்கப்பட்ட சிமுல்மேட்டிக்ஸ் நிறுவனம் இதில் முன்னோடியாகும். மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் இத்தியேல் டி சோலா பூல், யேல் பல்கலைக்கழக உளவியலாளர் ராபர்ட் ஏபெல்சன் உள்ளிட்டோர், முந்தைய கருத்துக் கணிப்புகளில் பங்கேற்ற ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதில்களைத் திரட்டினர். அமெரிக்க வாக்காளர்களை 480 வகைகளாகப் பிரித்து, 52 பொருள்கள் குறித்து ஒவ்வொரு வகையினரின் நிலைப்பாட்டையும் கணினியில் பதிந்தனர்.

1960 அதிபர் தேர்தலில் வேட்பாளர் ஜான் கென்னடி கத்தோலிக்கர் என்பது பெரும் விவாதமானது. மதத்தைக் காரணமாகக் கொண்டு விலகக்கூடியவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே விலகிவிட்டனர். எனவே வெளிப்படையாகப் பேசுவதால் இழப்பைவிட ஆதாயமே அதிகம் என்று அந்நிறுவனத்தின் அறிக்கை கூறியது. அவ்வாண்டு செப்டம்பர் 12-ம் தேதி ஹூஸ்டன் நகரில் கென்னடி இவ்விஷயத்தை நேரடியாகவே எதிர்கொண்டு உரையாற்றினார். அதற்கு இந்த அறிக்கைதான் காரணமா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. சிமுல்மேட்டிக்ஸ் 1970-ல் திவாலானது.

இன்று இப்பணிக்குப் பைத்தான், ஆர் ஆகிய நிரல் மொழிகள் பெரிதும் பயன்படுகின்றன. அடிப்படை எளிதானது. கிராமத்தில் வசிக்கும், 30 வயதுக்கு உட்பட்ட பட்டதாரிப் பெண்கள் என்ற பிரிவை எடுத்துக்கொள்வோம். முந்தைய கணிப்பில் அப்பிரிவினரில் 100-க்கு 60 பேர் ஒரு திட்டத்தை ஆதரித்ததாக வைத்துக்கொண்டால், நிரல் ஒவ்வொரு செயற்கைப் பதிலாளருக்கும் 0 முதல் 1 வரை ஓர் எண்ணைச் சமவாய்ப்பு முறையில் எடுக்கும். அது 0.6-க்குக் குறைவாக இருந்தால் 'ஆம்', இல்லையெனில் 'இல்லை'. பிறகு, மக்கள்தொகையில் அப்பிரிவுக்குள்ள பங்கிற்கு ஏற்ப அனைத்தும் கூட்டப்படும்.

சிக்கல் அடுத்த படியில் எழுகிறது. ஒரு மாவட்டத்தில் பெண்கள் எத்தனை பேர், பட்டதாரிகள் எத்தனை பேர் என்று தனித்தனியே தெரிந்தாலும், பட்டதாரிப் பெண்கள் எத்தனை பேர் என்பது தெரிந்துவிடாது. அட்டவணையின் கிடை, நெடுக்கை மொத்தங்களை மாறி மாறிச் சரிசெய்து இதை மதிப்பிடும் வழியை டெமிங், ஸ்டீபன் ஆகியோர் 1940-ல் முன்வைத்தனர். அது இன்றும் வழக்கில் உள்ளது. கேள்விகளுக்கு இடையிலான தொடர்பையும் நிரல் அறிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியே பதில் உருவாக்கினால், தமக்குச் சொந்த நிலமே இல்லை என்று கூறிய அதே 'நபர்' தமது வயலின் விளைச்சல் பெருகியதாகவும் கூறுவார்.

பெரிய மொழி மாதிரிகளின் வருகைக்குப் பின் வேறொரு வழி திறந்தது. அமெரிக்கத் தேசியத் தேர்தல் ஆய்வில் பங்கேற்ற உண்மையான வாக்காளர்களின் விவரங்களைச் சிறு அறிமுகக் குறிப்புகளாக எழுதி, அவற்றை ஜிபிடி-3 மாதிரிக்கு அளித்துப் பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தனர். அதன் பதில்கள் மனிதர்களின் பதில்களுடன் பெருமளவு ஒத்துப்போனதாக 'பொலிட்டிகல் அனாலிசிஸ்' இதழில் 2023-ல் தெரிவித்தனர். ஆனால் அடுத்த ஆண்டே அதே இதழில் வெளிவந்த மற்றோர் ஆய்வு எச்சரிக்கை விடுத்தது. சராசரி ஏறக்குறைய பொருந்தினாலும், மனிதர்களிடையே உள்ள கருத்து வேறுபாடு செயற்கைப் பதில்களில் சுருங்கிவிடுகிறது. கேள்வியின் சொற்களைச் சற்று மாற்றினாலோ, சில மாதங்கள் கழித்துக் கேட்டாலோ விடையும் மாறுகிறது என்று அந்த ஆய்வு காட்டியது.

இதைச் சிறு பிழையாகக் கருத இயலாது. தம் பிரிவினரின் பொதுக் கருத்தோடு மாறுபடுவோரைக் கண்டறிவதும் கணிப்பின் நோக்கமே. அவர்களே முதலில் மறைந்துபோகின்றனர்.

அதற்காக இம்முறை பயனற்றதாகிவிடாது. எத்தனை பேரைச் சந்தித்தால் போதும், வினாப்படிவத் தரவுகளை மென்பொருள் சரியாகக் கையாளுமா என்பனவற்றைக் களத்துக்குச் செல்லும் முன் ஒத்திகை பார்க்க இது ஏற்றது. அந்த ஒத்திகை எண்களையே மக்கள் கருத்தாக வெளியிடும்போதுதான் கேடு விளைகிறது.

இந்தியாவில் கூடுதல் தடை ஒன்று உள்ளது. உண்மையான வாக்காளர்களைச் சந்தித்து எடுக்கப்பட்ட வாக்குக் கணிப்புகளே 2024 மக்களவைத் தேர்தலில் தவறின. அவற்றுள் பல, தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350-க்கும் மேற்பட்ட இடங்களைக் கணித்தன, கிடைத்தவை 293. இத்தகைய பதில்களிலிருந்து கற்கும் நிரல், அவற்றின் பிழையையும் சேர்த்தே கற்கும். செயற்கை மக்கள்தொகைக்கு அடித்தளமாக வேண்டிய முழுமையான கணக்கெடுப்பு கடைசியாக நடந்தது 2011-ல். அப்போது பள்ளிச் சிறுவராகப் பதிவானவர் இன்று வாக்காளர். கொரோனா பரவலால் தள்ளிப்போன அடுத்த கணக்கெடுப்புக்கு, பனிப்பொழிவுப் பகுதிகள் நீங்கலாக, 2027 மார்ச் 1 குறிப்பு நாளாக அறிவிக்கப்பட்டுள்ளது. சாதி விவரங்களும் அதில் சேகரிக்கப்படவுள்ளன.