களவு போவது யார் பணம்?

அமெரிக்க எழுத்தாளர் எட்வர்டு பெல்லமி 1888ஆம் ஆண்டில் ஒரு கற்பனை நாவலை வெளியிட்டார். 1887இல் உறங்கத் தொடங்கிய பாஸ்டன் நகர இளைஞன் ஒருவன் 2000ஆம் ஆண்டில் கண் விழிக்கிறான். அவன் காணும் புதிய உலகில் நாணயமும் இல்லை, நோட்டும் இல்லை. ஒவ்வொரு குடிமகனிடமும் ஓர் அட்டை இருக்கிறது. நாட்டின் உற்பத்தியில் அவனுக்குரிய பங்கு ஆண்டுத் தொடக்கத்திலேயே அவன் பெயரில் வரவு வைக்கப்படுகிறது. பொருள் வாங்கும்போது விலைக்கு ஏற்றபடி அட்டையிலுள்ள கட்டங்களைக் குத்திக் கழித்துவிடுகிறார்கள். பெல்லமி அந்த அட்டைக்கு இட்ட பெயர் 'கிரெடிட் கார்டு'.

கூர்ந்து நோக்கினால் இங்கே கடன் என்பதே இல்லை. கணக்கில் இருப்பதிலிருந்துதான் கழிக்கிறார்கள். இன்றைய வழக்கில் சொன்னால் அது டெபிட் கார்டு, அதாவது பற்று அட்டை! 'கிரெடிட்' என்னும் சொல்லுக்கு வரவு என்றும் பொருள் உண்டு, கடன் என்றும் பொருள் உண்டு. பெல்லமி முதல் பொருளில் கையாண்ட சொல்லை வங்கிகள் பின்னாளில் இரண்டாம் பொருளுக்கு எடுத்துக்கொண்டன.

இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் கடன் அட்டையும் பற்று அட்டையும் தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள். ஒரே அளவு, ஒரே நெகிழி, ஒரே பதினாறு இலக்க எண். கடைக்காரருக்கும் இரண்டும் ஒன்றே. ஆனால் கடன் அட்டையைக் காட்டியதும் கடைக்குப் போவது வங்கியின் பணம். நாம் பின்னர்தான் திருப்பித் தருகிறோம். பற்று அட்டையைக் காட்டினால் நம்முடைய பணமே போய்விடுகிறது. எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை இவ்வேறுபாடு உறைப்பதில்லை. அட்டை திருடனின் கைக்குப் போனாலோ, கடைக்காரர் இருமுறை பணம் எடுத்துவிட்டாலோ அப்போதுதான் தெரியும். இரு அட்டைகளுக்கும் அமெரிக்காவில் இருவேறு சட்டங்கள் அமைந்தன. அதன் காரணத்தை அறிய அவற்றின் பிறப்பைப் பார்க்க வேண்டும்.

பிரெஸ்னோ நகரில் விழுந்த அட்டைகள்

1950இல் நியூயார்க்கில் தோன்றிய டைனர்ஸ் கிளப் அட்டை பல உணவகங்களில் செல்லுபடியானது. ஆனால் மாதம் முடிந்ததும் முழுத் தொகையையும் கட்டிவிட வேண்டும். பாக்கியை வைத்துக்கொண்டு வட்டியோடு சிறிது சிறிதாக அடைக்கும் வசதியைப் பொதுமக்களுக்குப் பெரிய அளவில் கொண்டுவந்தது பாங்க் ஆஃப் அமெரிக்கா. அதற்கு அவ்வங்கி தேர்ந்தெடுத்த சோதனைக்கூடம் கலிபோர்னியா மாநிலத்தின் பிரெஸ்னோ நகரம். அந்நகரக் குடும்பங்களில் ஏறத்தாழ 45 விழுக்காடு ஏற்கெனவே அவ்வங்கியின் வாடிக்கையாளர்கள்.

1958 செப்டம்பர் 18 அன்று 60,000 அட்டைகள் தபாலில் போய்ச் சேர்ந்தன. எவரும் விண்ணப்பிக்கவில்லை, எவரையும் கேட்கவும் இல்லை. உறையைப் பிரித்தால் உள்ளே 300 முதல் 500 டாலர் வரை கடன் பெறும் உரிமை! காரணம் எளிது. அட்டையை ஏற்கும் கடைகள் இல்லாவிட்டால் மக்கள் அட்டை வாங்கமாட்டார்கள்; அட்டை வைத்திருப்போர் இல்லாவிட்டால் கடைகள் சேரா. கோழியா முட்டையா என்ற இச்சிக்கலை, ஒரே நாளில் ஊர் முழுக்க முட்டையை உருட்டிவிட்டுத் தீர்த்தார் ஜோசப் வில்லியம்ஸ் என்னும் வங்கி அதிகாரி.

அடுத்த ஓராண்டில் கலிபோர்னியா முழுவதும் சுமார் 20 லட்சம் அட்டைகள் பரவின. கடனைக் கட்டாதவர்கள் 4 விழுக்காடு இருப்பர் என்று வில்லியம்ஸ் கணித்திருந்தார். உண்மையில் 22 விழுக்காடு ஆயிற்று. தபால் பெட்டிகளிலிருந்து அட்டைகள் திருடு போயின. அன்று கடைக்காரரிடம் இருந்ததெல்லாம் ஓர் அச்சுக் கருவி மட்டுமே. அட்டையில் புடைத்து நிற்கும் எழுத்துகளின் மேல் கார்பன் தாள் வைத்த சீட்டை அழுத்தி உருட்டினால் எண் பதியும். அட்டை யாருடையது, கணக்கில் என்ன நிலை என்பதைச் சிறு தொகைகளுக்கு அவர் விசாரிக்க வேண்டியதே இல்லை. பதினைந்து மாதங்களில் 88 லட்சம் டாலர் இழப்பு என்று வங்கி கணக்குக் காட்டியது. 1959 டிசம்பரில் வில்லியம்ஸ் விலகினார். ஆனால் வங்கி திட்டத்தைக் கைவிடவில்லை. 1976இல் 'விசா' என்று பெயர் மாற்றிக்கொண்ட அமைப்பு இதிலிருந்து வளர்ந்ததே.

பிற வங்கிகளும் இவ்வாறே தபாலில் அட்டைகளைக் கொட்டின. கேளாமலே வந்து, கைக்கு எட்டுமுன் திருடு போன அட்டைக்கு வீட்டுக்காரர் எப்படிப் பொறுப்பாவார்? இக்கேள்வியிலிருந்து 1970இல் ஒரு சட்டம் பிறந்தது. கேளாதவருக்கு அட்டை அனுப்புவது தடை செய்யப்பட்டது. களவுக்கு வாடிக்கையாளரின் பொறுப்பு 50 டாலருக்கு மேல் போகாது என்றும் விதிக்கப்பட்டது. 1974ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒருபடி சென்றது. பட்டியலில் தவறு என்று வாடிக்கையாளர் எழுதினால், விசாரணை முடியும்வரை அத்தொகையை அவர் கட்டவேண்டியதில்லை. வழக்கு தீரும்வரை பணம் அவர் கையில்தான் இருக்கும்.

பற்று அட்டையின் வேறு வழி

பற்று அட்டை வந்த வழி வேறு. அது கடையிலிருந்து வரவில்லை. பணம் தரும் எந்திரத்திலிருந்து வந்தது. 1967 ஜூன் 27 அன்று லண்டனை அடுத்த என்பீல்டில் பார்க்ளேஸ் வங்கி ஓர் எந்திரத்தைத் திறந்தது. அதை உருவாக்கிய ஜான் ஷெப்பர்டு-பாரன் நம் நாட்டு ஷில்லாங்கில் பிறந்தவர். அவ்வெந்திரத்துக்கு அட்டை கிடையாது. கார்பன்-14 என்னும் கதிரியக்கப் பொருள் மிகச் சிறிதளவு ஏற்றிய காகிதச் சீட்டைப் போட்டு, இரகசிய எண்ணை அழுத்த வேண்டும். எந்திரம் கதிர்வீச்சைக் கொண்டு சீட்டை இனங்காணும். அணுக்கரு இயற்பியல் இப்படியும் வங்கிப் பணிக்கு வந்திருக்கிறது! ஆனால் ஒருமுறை போட்ட சீட்டு திரும்பி வராது. திரும்பத் திரும்பப் பயன்படும் அட்டைக்கு வழி வகுத்தது காந்தப் பட்டை.

1960ஆம் ஆண்டுவாக்கில் ஐ.பி.எம். நிறுவனப் பொறியாளர் பாரஸ்ட் பாரி, அடையாள அட்டைகளில் காந்த நாடாவை ஒட்ட முயன்றார். எந்தப் பசையும் சரிவரவில்லை. வீட்டில் துணி தேய்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி, இஸ்திரிப் பெட்டியால் உருக்கி ஒட்டிப் பார்க்கச் சொன்னாராம், ஒட்டிக்கொண்டது.

இந்தப் பட்டையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல ஓர் இயற்பியல் ஆசிரியனுக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். பட்டைக்குள் நுண்ணிய காந்தத் துகள்கள் இருக்கின்றன. அவற்றைச் சிறு சிறு பகுதிகளாக வடக்கு-தெற்கு என மாற்றி மாற்றிக் காந்தமாக்கினால் செய்தி பதிகிறது. பட்டையின் இரண்டாம் தடத்தில் ஓர் அங்குலத்துக்கு 75 துணுக்குகள், அதாவது மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ மூன்று. காலாவதியான அட்டையின் பட்டை மீது மிக நுண்ணிய இரும்புத் துகளைத் தூவித் தட்டிப் பார்த்தால், வேலிக் கம்பிகள் போல வரிசையாகக் கோடுகள் தெரியும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் மாணவர்கள் மிகவும் விரும்பும் சோதனை இது.

அட்டையைக் கருவியில் ஏன் இழுக்க வேண்டும்? வைத்தால் போதாதா? போதாது. படிக்கும் கருவியில் இருப்பது ஒரு கம்பிச்சுருள். பாரடே கண்ட மின்காந்தத் தூண்டல் விதிப்படி, காந்தப் பாயம் மாறினால்தான் சுருளில் மின்னழுத்தம் தோன்றும். அட்டை அசையாமல் நின்றால் சைகை பூச்சியம். ஒவ்வொரு துணுக்கின் எல்லையிலும் காந்தத் திசை ஒருமுறை மாறும். '1' என்றால் நடுவிலும் ஒருமுறை மாறும். ஆகவே கை வேகமாக இழுத்தாலும் மெதுவாக இழுத்தாலும் கருவி தானே காலத்தை அளந்துகொள்ளும்.

இதில் ஒரு குறை உண்டு. பட்டையிலுள்ள செய்தி ஒருபோதும் மாறுவதில்லை. ஒருமுறை படித்தவன் அதை வேறோர் அட்டையில் அப்படியே எழுதிவிடலாம். பற்று அட்டை எந்திரத்தை விட்டுக் கடைகளுக்குள் வந்தபோது இக்குறையையும் சுமந்துகொண்டே வந்தது.

1978ஆம் ஆண்டுச் சட்டம்

மின்னணு வழியாகக் கணக்கிலிருந்து பணம் போவதற்கென்று அமெரிக்கா 1978இல் தனிச் சட்டம் இயற்றியது. அட்டை தொலைந்ததை அறிந்த 2 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு 50 டாலருக்கு மேல் போகாது. தாமதித்தால் 500 டாலர் வரை. கணக்கு விவரம் அனுப்பப்பட்டு 60 நாட்கள் கடந்தும் சொல்லாவிட்டால், அதன்பின் நடக்கும் களவுக்கு வரம்பே இல்லை. புகார் வந்தபின் வங்கி விசாரிக்க 10 வேலை நாட்கள் உண்டு. அதற்குள் முடியாவிட்டால் தொகையைத் தற்காலிகமாகத் திருப்பி வைத்துவிட்டு விசாரணையைத் தொடரலாம்.

ஏன் இந்தக் கடுமை? என் கருத்தில், இரண்டு அட்டைகளின் பிறப்பும் இதற்குக் காரணம். கடன் அட்டை கேளாமல் வந்தது. ஆகவே பொறுப்பு வங்கியின் தலையில் விழுந்தது. பற்று அட்டையோ கேட்டு வாங்கியது. இரகசிய எண்ணும் வாடிக்கையாளரிடமே இருந்தது. காக்க வேண்டியவர் அவர் என்று கருதினர். பின்னாளில் இரகசிய எண் இல்லாமலே பற்று அட்டை செல்லுபடியானபோது இந்த நியாயம் தளர்ந்துவிட்டது. 2000ஆம் ஆண்டில் விசா நிறுவனம் பற்று அட்டைக்கும் சேர்த்து, களவுக்கு வாடிக்கையாளர் பொறுப்பல்லர் என்று தானே அறிவித்தது. எனினும் போன பணம் திரும்பிவர நாட்கள் ஆகும். அந்நாட்களில் வீட்டு வாடகைக்குக் கொடுத்த காசோலை திரும்பினால் அதன் தொல்லை கணக்குக்காரருக்குத்தான்.

களவு இல்லாமலும் தொல்லை உண்டு. பெட்ரோல் நிலையத்தில் அட்டையை முதலில் செருகிவிட்டுப் பிறகு எண்ணெய் பிடிக்கும் முறை அமெரிக்காவில் வழக்கம். எவ்வளவு பிடிப்பார் என்று எந்திரத்துக்குத் தெரியாது. ஆகவே ஒரு பெருந்தொகையை முன்கூட்டியே நிறுத்தி வைக்கும். 30 டாலருக்குப் பிடித்தவரின் கணக்கில் 100 டாலர் முடங்கிக் கிடக்கும் என்று கொள்வோம். கடன் அட்டையானால் கடன் வரம்பு சிறிது குறைவதோடு சரி. பற்று அட்டையானால் கையிருப்பே முடங்குகிறது. இருப்பைத் தாண்டிச் செலவழித்தவருக்கு ஒரு கோப்பை காப்பிக்குக்கூட 35 டாலர் போலக் கட்டணம் விதித்த வங்கிகள் உண்டு. வாடிக்கையாளரின் முன் ஒப்புதல் இன்றி அப்படி விதிக்கக்கூடாது என்ற விதி 2010இல்தான் வந்தது.

பாதுகாப்புக்கு விலை

அப்படியானால் கடன் அட்டையே மேல் அல்லவா? மாதந்தோறும் பாக்கி இன்றிக் கட்டுபவருக்கு ஆம். பாக்கி வைப்பவருக்கு வேறு கணக்கு. 1,000 டாலர் கடன், மாதம் 2 விழுக்காடு வட்டி, மாதம் 25 டாலர் கட்டுகிறார் என்று கொள்வோம். முதல் மாதத்தில் 20 டாலர் வட்டிக்கே போய்விடும். அசல் குறைவது 5 டாலர். முழுக் கடனும் அடைய 82 மாதங்கள், கட்டும் தொகை 2,030 டாலருக்கு மேல். ஒன்றுமே கட்டாவிட்டால் 35 மாதங்களில் கடன் இரட்டிக்கும். கதிரியக்கத் தனிமத்தின் அரை ஆயுளைக் கணக்கிடும் அதே மடக்கைச் சமன்பாடுதான் இது. குறி மட்டும் மாறியிருக்கிறது.

வட்டிக்கு உச்சவரம்பு இல்லையா? மாநிலங்கள் வைத்திருந்தன. மின்னசோட்டாவில் 12 விழுக்காடு, நெப்ராஸ்காவில் 18. நெப்ராஸ்கா வங்கி மின்னசோட்டா வாசியிடம் எதை வாங்கலாம் என்ற வழக்கில், வங்கி இருக்கும் மாநிலத்தின் வட்டியே செல்லும் என்று 1978 டிசம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1980இல் தெற்கு டகோட்டா தன் உச்சவரம்பை நீக்கியது. மறு ஆண்டே நியூயார்க்கின் சிட்டி வங்கி தன் அட்டைப் பிரிவை அங்கே பெயர்த்துக்கொண்டு போனது. பற்று அட்டைக்குப் பாதுகாப்புக் குறைவாகத் தந்த சட்டமும், கடன் அட்டை வட்டிக்குக் கதவு திறந்த தீர்ப்பும் ஒரே ஆண்டின் விளைச்சல் என்பதை எண்ணினால் வியப்பாக இருக்கிறது.

மற்றொரு செலவு கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு விற்பனையிலும் அட்டை கொடுத்த வங்கிக்குக் கடைக்காரர் ஒரு கழிவு தருகிறார். கடன் அட்டைக்கு இது ஏறத்தாழ 2 விழுக்காடு. பற்று அட்டைக்கோ, பெரிய வங்கிகள் 21 சென்ட்டும் தொகையில் 0.05 விழுக்காடும்தான் வாங்கலாம் என்று 2011 அக்டோபரில் அமெரிக்காவில் வரம்பு வந்தது. கடன் அட்டைக்காரருக்கு வங்கிகள் வாரி வழங்கும் பரிசுப் புள்ளிகளின் ஊற்று இந்தக் கழிவே. கடைக்காரர் அதை விலையில் ஏற்றினால், ரொக்கம் கொடுத்து ரொட்டி வாங்குபவரும் அதில் பங்கு கட்டுகிறார். இது நியாயமென்று எனக்குத் தோன்றவில்லை.

பட்டையின் குறைக்கு மாற்றாக, பிரெஞ்சுக்காரர் ரோலான் மொரேனோ 1974இல் காப்புரிமை கோரிய நினைவுச் சில்லு வழிகாட்டியது. இன்றைய அட்டைச் சில்லு ஒவ்வொரு முறையும் புதிய மறைகுறியை உண்டாக்குகிறது. திருடிய பழைய குறி மறுமுறை பயன்படாது. பிரான்சின் வங்கி அட்டைகள் 1992க்குள் சில்லுக்கு மாறின. அமெரிக்காவில் 2015இல்தான் அந்த மாற்றம் வேகம் கொண்டது.

நம் நாட்டில் ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை இரு அட்டைகளையும் ஒரே விதிக்குள் கொண்டுவந்தது. வங்கியின் குறையோ வாடிக்கையாளரின் குறையோ இன்றிப் பணம் களவு போய், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் அவர் தெரிவித்தால், அவருக்கு இழப்பு இல்லை. 4 முதல் 7 வேலை நாட்கள் என்றால், கணக்கின் வகைக்கேற்ப 5,000 முதல் 25,000 ரூபாய் வரை அவர் ஏற்க வேண்டியிருக்கும். புகார் செய்த 10 வேலை நாட்களுக்குள் வங்கி தொகையைக் கணக்கில் திருப்பி வைக்க வேண்டும். அந்தப் பத்து நாட்களும் பற்று அட்டைக்காரர் தம் சொந்தப் பணம் இல்லாமல் காத்திருப்பார். கடன் அட்டைக்காரரோ தாம் இன்னும் வாங்காத கடனுக்காகக் காத்திருப்பார். இரகசிய எண்ணைத் தாமே பிறரிடம் சொல்லிவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்பட்ட இழப்பு முழுவதும் வாடிக்கையாளருடையது என்றது அச்சுற்றறிக்கை. அதில் இரு அட்டைகளுக்கும் வேறுபாடு வைக்கவில்லை.