முழங்காலுக்குள் ஒரு விளக்கு

மூட்டுக்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் ஆர்த்ரோஸ்கோப் விளையாட்டு வீரர்களுக்காகப் பிறந்த கருவி அல்ல. அதைப் பிறக்கவைத்தது காசநோய்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானில் காசநோய் நுரையீரலோடு நிற்கவில்லை. முழங்கால் மூட்டையும் பிடித்தது. முற்றிவிட்டால் மூட்டு இறுகிக் கால் மடங்காது. சாப்பாடு, தூக்கம், விருந்தாளி உபசாரம் எல்லாமே தரையில் நடக்கும் நாடு அது. மடங்காத காலோடு அங்கே வாழ்வது எவ்வளவு கஷ்டம் என்று, சம்மணமிட்டுச் சாப்பிட்டு வளர்ந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க வேண்டுமானால் மூட்டைப் பிளக்காமல் உள்ளே பார்க்க வழி வேண்டும். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கென்ஜி தகாகி 1918இல், சிறுநீர்ப்பைக்குள் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பை எடுத்து, இறந்தவர் ஒருவரின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்தார்.

இந்த யோசனை அவருக்கு மட்டும் தோன்றியதல்ல. டென்மார்க்கின் செவெரின் நோர்டென்டோஃப்ட் 1912இலேயே பெர்லினில் நடந்த ஒரு மாநாட்டில் இதைப் பேசியிருந்தார். சுவிட்சர்லாந்தின் ஆய்கன் பிர்ஹர் 1921இல் கட்டுரையே வெளியிட்டார். ஆனால் அவர்களுடைய முயற்சி தொடரவில்லை. தகாகி விடவில்லை. 7.3 மில்லிமீட்டர் தடிமனில் இருந்த முதல் கருவியை 1931க்குள் 3.5 மில்லிமீட்டருக்குக் குறைத்தார். மூட்டுக்குள் உப்புநீரை ஏற்றி விரித்தால் காட்சி தெளியும் என்பதையும் கண்டுகொண்டார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்த வேலையைக் கையில் எடுத்தவர் அவருடைய மாணவர் மசாகி வதனபே. டோக்கியோவின் டெய்ஷின் மருத்துவமனையில் மாதிரிக்கு மேல் மாதிரியாகச் செய்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்துக்கொண்டே போனார். கடைசியில் உலகம் சுற்றியது 21ஆம் எண் கருவி. அதன் நுனியில் ஒரு குட்டி மின்விளக்கு துருத்திக்கொண்டிருக்கும். சூடேறும், சில வேளை மூட்டுக்குள்ளேயே உடைந்தும் விடும். லென்ஸ்களைக் கையாலேயே தேய்த்துச் செய்தார்கள். குழாயின் மறுமுனையில் மருத்துவர் ஒற்றைக் கண்ணை வைத்துக் குனிந்தபடி வேலை செய்ய வேண்டும். டிவி திரை எல்லாம் பிற்பாடு வந்தவை. 1957இல் வதனபே வெளியிட்ட அட்லஸில் மூட்டின் உட்புறத்தைக் காட்டியவை புகைப்படங்கள் அல்ல, ஃபுஜிஹாஷி என்ற ஓவியர் தீட்டிய வண்ண ஓவியங்கள். அறிவியல் நூல் ஒன்றில் ஓவியரின் கைக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததை நினைத்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

பார்க்க மட்டும் பயன்பட்ட குழாய் 1955இல் அறுவைக் கருவியாகவும் ஆனது. வதனபே அதன் துணையோடு மூட்டுக்குள்ளிருந்த கட்டி ஒன்றை அகற்றினார். 1962 மே 4 அன்று 17 வயதுப் பையன் ஒருவன் வந்தான். கூடைப்பந்து ஆடும்போது முழங்கால் பிசகி, உள்ளே மெனிஸ்கஸ் கிழிந்திருந்தது. நம் கபடிக்காரர்கள் ‘ஜவ்வு கிழிஞ்சிருச்சு’ என்று சொல்வார்களே, பல நேரம் அது இதுதான். தொடையெலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் இருந்து உடல் எடையைத் தாங்கும் குருத்தெலும்பு.

அன்றைய வழக்கப்படி முழங்காலைத் திறந்து மெனிஸ்கஸை முழுதாக எடுத்துவிடுவார்கள். அது தேவையில்லாத உறுப்பு என்றே பலர் நம்பினார்கள். அப்படி எடுத்த முழங்கால்களின் எக்ஸ்ரேயில் தேய்மான அறிகுறிகள் தெரிவதை ஃபேர்பேங்க் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1948இலேயே எழுதிவிட்டார். இருந்தும் வழக்கம் மாறவில்லை. வதனபே கிழிந்த துணுக்கை மட்டும் வெட்டியெடுத்து, மிச்சத்தை அப்படியே விட்டார். இந்தக் கருவியின் உண்மையான பெருமை இங்கேதான் இருக்கிறது என்பேன். தழும்பு சின்னதாக இருப்பது பெரிய விஷயமில்லை. எதைத் தொடாமல் விடலாம் என்பதை மருத்துவருக்கு அது காட்டியது.

இந்தக் கருவி ஜப்பானை விட்டு வெளியேற ஓர் ஒலிம்பிக் தேவைப்பட்டது. 1964 டோக்கியோ விளையாட்டுகளுக்குக் கனடா அணியின் மருத்துவராக இருந்தவர் ராபர்ட் ஜாக்சன். டோரண்டோக்காரரான அவர் டோக்கியோவில் படிக்க வந்த பாடம் திசு வளர்ப்பு. வந்த இடத்தில் வதனபேயைத் தேடிப் போய், அவருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே கருவியைக் கையாளக் கற்றார். ஊர் திரும்பும்போது 21ஆம் எண் கருவி ஒன்றையும் கொண்டுபோனார். அங்கே மூத்த மருத்துவர்கள் பலர் இதைப் பொருட்படுத்தவில்லை. அவர் சலிக்காமல் செய்துகாட்டினார், வகுப்பெடுத்தார்.

20 ஆண்டு கழித்து, 1984இல், அமெரிக்க ஓட்டக்காரர் ஜோன் பெனாய்ட்டின் முழங்கால் பூட்டிக்கொண்டதுபோல் ஆனது. ஒலிம்பிக் மாரத்தான் தகுதிப் போட்டிக்கு 17 நாள் இருக்கும்போது ஆர்த்ரோஸ்கோப் அறுவை. அந்தப் போட்டியில் ஜெயித்தார். ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த முதல் பெண்கள் ஒலிம்பிக் மாரத்தானிலும் 2 மணி 24 நிமிடம் 52 விநாடியில் தங்கம் வாங்கினார்.

வெற்றி பெருகப் பெருக, தேவையில்லாத முழங்கால்களுக்குள்ளும் குழாய் போனது. ஹூஸ்டனில் மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேரிடம் நடத்திய ஆய்வு 2002இல் வெளிவந்தது. அதில் ஒரு பகுதியினருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்தார்கள். உள்ளே எதுவும் செய்யவில்லை. உண்மையில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு இவர்களைவிட அதிக நிவாரணம் எதுவும் கிடைக்கவில்லை. தேய்ந்த மூட்டைக் கழுவிச் சுரண்டுவதற்கு இந்தக் கருவியை எடுப்பது வீண் என்பது அப்போது தெரிந்தது.

தகாகி ஆசைப்பட்ட ‘பார்க்கும்’ வேலையை இன்று பெரும்பாலும் எம்ஆர்ஐ செய்துவிடுகிறது. ஆர்த்ரோஸ்கோப்பின் வேலை பழுது பார்ப்பது. கிழிந்த மெனிஸ்கஸை வெட்டாமல் தைப்பதையும் வதனபேயின் சீடர் ஹிரோஷி இகெயுச்சிதான் 1969இல் இதன் வழியே முதலில் செய்தார். வெட்டிக்கொண்டால் சில வாரங்களில் மைதானத்துக்குத் திரும்பலாம். தைத்தால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எல்லாக் கிழிசலும் தைக்கக்கூடியதல்ல. ஆனால் தைக்கக்கூடிய கிழிசலோடு வரும் 18 வயதுப் பிள்ளையிடம் ‘அடுத்த மாதம் டோர்னமெண்ட் இருக்கு, வெட்டிவிடச் சொல்லு’ என்று அவசரப்படுத்தும் பயிற்சியாளர்கள், அந்தப் பிள்ளை 40 வயதில் மாடிப்படி ஏற வேண்டியிருப்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.