கூம்பிய கருவிழியும் கண்ணாடிச் சில்லும்



நம் உறவில் ஒரு பையன், பிளஸ் டூ முடித்தவன். ஆறு மாதத்துக்கொரு முறை கண்ணாடி மாற்றியும் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது. மதுரையில் காட்டியபோது 'கெரட்டோகோனஸ்' என்றார்கள். "இனி எங்கே படிக்க? பயராபீஸுக்கே போகட்டும்" என்று வீட்டில் பேச்சு. அவசரப்பட வேண்டாம் என்பதற்காகவே இந்த வரலாற்றை எழுதுகிறேன்.

கருவிழியின் தடிமன் நடுவில் சுமார் அரை மில்லிமீட்டர்தான். இந்நோயில் அது மேலும் மெலிந்து, கூம்புபோல் முன்னே துருத்தும். வளைவு ஒழுங்கில்லாமல் போவதால் மூக்குக்கண்ணாடி முழுதாக உதவாது. லிவர்பூல் மருத்துவர் ஜான் நாட்டிங்ஹாம் 1854இலேயே இதைப்பற்றி விரிவாக ஒரு நூல் எழுதினார்.

திருப்பம் வந்தது 1888இல். ஜூரிச்சில் அடால்ஃப் ஃபிக், கண்ணாடிச் சில்லை முதலில் முயல்களுக்கும் பிறகு தம் கண்ணிலும் பொருத்திப் பார்த்தார். அதே ஆண்டு பாரிஸில் யூஜின் கால்ட், கூம்புக் கருவிழி உள்ளவர்களுக்கே பொருத்தினார். நம் விஜயகரிசல்குளம் அகழாய்வில் கிடைத்த கண்ணாடி மணிகளைப் பார்த்திருப்பீர்கள். அணிகலனாக இருந்த கண்ணாடி, கண்ணுக்குள்ளேயே போன கதை இது.

இதன் சூட்சுமம் கண்ணீரில் இருக்கிறது. கடினமான லென்ஸுக்கும் கருவிழிக்கும் இடையே கண்ணீர் நிரம்பி மேடுபள்ளத்தைச் சமன் செய்துவிடும். 1948இல் அமெரிக்கர் கெவின் டூஹி கருவிழியை மட்டும் மூடும் சிறிய பிளாஸ்டிக் லென்ஸ் கொண்டுவந்தார். பிறகு காற்று புகும் லென்ஸ் வந்தது. கருவிழியைத் தொடாமல் வெள்ளைவிழியில் அமரும் ஸ்கிலீரல் லென்ஸும் இன்று உண்டு. ஃபிக் செய்த பெரிய வடிவமே புதுப் பொருளில் திரும்பியிருக்கிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. லென்ஸ் பார்வையைத் தரும், நோயை நிறுத்தாது. நிறுத்துவதற்கு ரைபோஃப்ளேவின் சொட்டும் புற ஊதாக் கதிரும் சேர்ந்த சிகிச்சை இருக்கிறது. ஜெர்மனியின் டிரெஸ்டன் மருத்துவர்கள் 2003இல் அதன் முடிவுகளை வெளியிட்டார்கள். கூம்பு முற்றுவதற்குள் செய்தால் பலன் அதிகம்.

இதற்கெல்லாம் பாரிஸ் போக வேண்டியதில்லை. மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிய டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு மதுரையில் அரவிந்தைத் தொடங்கினார். 1978இல் சென்னையில் சங்கர நேத்ராலயா வந்தது.

பிள்ளைகள் கண்ணைக் கசக்கினால் தடுங்கள். பவர் அடிக்கடி மாறினால் கருவிழி வரைபடச் சோதனை கேளுங்கள். லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். மருந்து பட்ட கையால் தொடாதீர்கள்.

அந்தப் பையன் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டான். வாழ்த்துங்கள்.